மறுப்பு நாற்காலி

கூட்ட அறையில் ஐந்து பேருக்கு ஆறு நாற்காலிகள். ஐந்து கறுப்பு. ஆறாவது சாம்பல் நிறம், மேசையின் கடைக்கோடியில் கிடந்தது. அதன் இடக்கை உடைந்திருந்தது. சரிசெய்ய யாரும் மெனக்கெடவில்லை. யார் உட்கார்ந்தாலும் ஒரு கூட்டத்துக்குத்தானே.

ஆயுதம் ஏந்திய அமைப்புகளை எடைபோடுவது அந்த அலுவலகத்தின் வேலை. எங்கிருந்து வந்தது, என்ன செய்யக்கூடியது, யாருக்கு எவ்வளவு ஆபத்து. பின்புலம், திறன், அச்சுறுத்தல் என்று மூன்று பகுதியாக அறிக்கை போகும். பல நாடுகள் அதைப் படித்து முடிவெடுக்கும். முன்னொரு காலத்தில், ஓர் அமைப்பு ஓய்ந்துவிட்டதென்று எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். ஓய்ந்த அமைப்பு அடுத்த மாதமே ஒரு ரயில் நிலையத்தைத் தகர்த்தது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடுதான் மறுப்பு நாற்காலி. ஒவ்வோர் அறிக்கைக்கும் முறை வைத்து ஒருவர் அதில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஒப்புக்கொண்டதற்கு நேர்மாறாக வாதாட வேண்டும். அவர் அதை நம்புகிறாரா இல்லையா என்பது கேள்வியில்லை.

நல்ல ஏற்பாடு. ஆனால் நல்ல மாவும் நாள்பட்டால் புளிக்கும். உட்காருபவர் நடிக்கத் தொடங்கினார், மற்றவர்கள் ரசிக்கத் தொடங்கினார்கள். கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று வந்த கேப்டன், போன முறை மேசையைக் குத்தி, "என் பிள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன், இதை நான் நம்புறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் எழுந்தது. தேநீர் வந்தது. அறிக்கையின் கடைசியில் வழக்கமான வரி ஏறியது: "மாற்றுக் கருத்தும் பரிசீலிக்கப்பட்டது."

இந்த முறை நாற்காலி அவளுக்கு.

அமைப்புகளின் வானொலிகளைக் கேட்பது அவள் பிரிவு. அலுவலகத்தில் அவளுக்குக் காது என்று பெயர். வயதில் சின்னவர்கள் காதக்கா என்பார்கள். நாளெல்லாம் ஹெட்ஃபோன் மாட்டி, யார் யாரையோ திட்டுவதைக் கேட்டுக் குறிப்பெடுப்பாள். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

எடைபோட வேண்டிய அமைப்பு வாசல் படை. ஒரு நீரிணையின் வாயில் உட்கார்ந்திருந்ததால் வந்த பெயர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் சங்கமாகத் தொடங்கியது. துறைமுகம் கைமாறியபோது சங்கம் வேலைநிறுத்தம் செய்தது, வேலைநிறுத்தத்தில் சுட்டார்கள், சுட்டவர்களைத் தேடிப் போய் இவர்கள் சுட்டார்கள். அநியாயத்தில் பிறந்தது. அதற்காக அது செய்த அநியாயங்களுக்குத் தள்ளுபடி கிடையாது என்று பின்புலப் பகுதியில் அவளே எழுதியிருந்தாள். இயக்குநர் அந்த வரியை அடித்துவிட்டார், நடை சரியில்லை என்று. சங்கம் படையாயிற்று. விசைப்படகு, ட்ரோன், கடல் கண்ணி, மூன்று நாடுகளில் கிளை. ஒருமுறை கோதுமைக் கப்பல் ஒன்றைக் கண்ணி வைத்து மூழ்கடித்தார்கள். கடலையே பார்த்திராத ஊர்களில் மாவு விலை ஏறியது. அன்றிலிருந்து போர்க்கப்பல் துணையில்லாமல் எந்தச் சரக்குக் கப்பலும் அந்த நீரிணையில் போவதில்லை. துணை கிடைக்காதவை வெகுதூரம் சுற்றிப் போகும்.

போன வருடம் படைத் தலைவர் நோயில் செத்தார். அவருடைய தம்பி ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம் என்று படை இரண்டாகப் பிளந்தது. ஆளுக்கொரு வானொலி தொடங்கி, வாயில் வந்தபடி திட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தாக்குதல்கூட இல்லை. செயற்கைக்கோள் படங்களில் படகுகள் கரையேறிக் கிடந்தன, சுற்றிலும் புல். இயக்குநர் முடிவை எழுதியாகிவிட்டது: படை ஒழிந்தது, துணைக் கப்பல்களை விலக்கலாம், நீரிணையை எல்லோருக்கும் திறக்கலாம்.

காதும் அதைத்தான் நம்பினாள். நம்புவதற்கு அவளுக்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. அவளுடைய தம்பி சரக்குக் கப்பலில் இன்ஜினியர். நீரிணை திறந்தால் முதலில் போகும் கப்பல்களில் அவனுடையதும் ஒன்று. சுற்றுவழி மிச்சமாகும், மனைவியின் பிரசவத்துக்கு வந்துவிடுவான். அந்த மனைவி காதின் வீட்டில்தான் இருந்தாள், நிறைமாதம், கால் இரண்டும் வீங்கி.

நாற்காலியில் உட்கார்ந்து என்ன சொல்வதென்று தேடத்தான் அவள் அன்று பகலில் பழைய ஒலிப்பதிவுகளை எடுத்தாள். பிரிந்தவர்கள் மறுபடி சேரலாம் என்று ஏதாவது ஒப்பேற்றிவிடலாம் என்பது எண்ணம்.

படைத் தலைவரின் தம்பி நடத்தும் வானொலியின் நேற்றைய பதிவைப் போட்டாள். அறிவிப்பாளன் மருமகனைக் கழுதை என்றான், ஈன்ற கழுதையையும் இழுத்தான். எல்லாம் வழக்கம்போல. ஆனால் எதுவோ குறைந்தது. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுவதுபோல அவள் காது அதையே தடவிக்கொண்டிருந்தது.

போன மாதப் பதிவைப் போட்டாள். இருந்தது. அறிவிப்பாளனின் குரலுக்குப் பின்னால், மிக மெல்லிசாக, ஒரு மின்விசிறி. சுற்றுக்கு ஒரு டக். இத்தனை நாளும் கேட்டுக்கொண்டேயிருந்த சத்தம். அதனாலேயே கேட்காத சத்தம். நாள்வாரியாகப் பின்தொடர்ந்தாள். போன வெள்ளிக்கிழமை வரை டக் இருந்தது. சனிக்கிழமை இல்லை. யாரோ விசிறியைச் சரிசெய்திருக்கிறார்கள்.

அவ்வளவுதானா என்று இருந்தது. சிரித்துக்கொண்டே மருமகன் வானொலிக்கு மாறினாள். அங்கே அறிவிப்பாளன் தலைவரின் தம்பியைத் திருடன் என்றான். பின்னால் அமைதி.

சிரிப்பு நின்றது. அதன் போன மாதப் பதிவை எடுத்தாள். டக். அதே விசிறி. அதே வெள்ளிக்கிழமை வரை. சனிக்கிழமை இல்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு இன்னொன்றும் தோன்றியது. இரண்டு வானொலியும் ஒருமுறைகூட ஒரே நேரத்தில் பேசியதில்லை. ஒன்று முடித்த பிறகே மற்றது தொடங்கும். ஒருவரையொருவர் கொல்வேன் என்பவர்கள் அவ்வளவு மரியாதையாக வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தில் சாம்பல் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னாள்.

"ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து பேசுறாங்க. படை பிரியவே இல்ல. பிரிஞ்ச மாதிரி நடிக்கிறாங்க. துணைக் கப்பல் எப்ப விலகும்னு காத்திருக்காங்க."

படக்காரன் முதலில் சிரித்தான். செயற்கைக்கோள் படங்களைப் படிப்பவன், அவளைவிட இளையவன். "காதக்கா, இது வரைக்கும் நாற்காலி பேசினதிலேயே இதுதான் டாப்பு. நான் ரயில் நிலையத்துக் கதையவே மூணு தடவ மாத்தி மாத்தி ஓட்டினவன்."

"விசிறி!" என்றார் கேப்டன். "நான் போன தடவ அழுது பாத்தேன். எனக்கு விசிறி தோணல."

"நாற்காலிக்காகச் சொல்லல கேப்டன்."

"நானும் அதையேதான் சொன்னேன். பிள்ளைங்க மேல சத்தியம் வேற பண்ணினேன்."

மறுபடியும் சிரிப்பு. படையின் பணம் எங்கே ஓடுகிறது என்று பார்க்கும் அம்மாள், அலுவலகத்தில் கஜானா, அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் எதுவும் சொல்லவுமில்லை.

"உண்மையாவே நம்புறேன் சார்" என்றாள் காது, இயக்குநரைப் பார்த்து.

இயக்குநர் நல்ல மனிதர். கண்ணாடியைத் துடைத்தபடி, "அருமைம்மா. இவ்வளவு உழைச்சு யாரும் இந்த நாற்காலில உக்காந்ததில்ல. குறிச்சுக்கிறேன்" என்றார். குறித்தும் கொண்டார். என்ன குறித்தாரென்று பார்க்கவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. அந்த வரி அவளுக்கு மனப்பாடம்.

அறையை விட்டு வெளியே வரும்போது கேப்டன் அவள் பக்கம் குனிந்தார். "தம்பி கப்பல்ல போறான்ல? பயம் இருக்கத்தான் செய்யும். எனக்குப் புரியுது."

அவளுக்கும் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. நம்புகிறேன் என்றால் நடிப்பு. அழுதால் நல்ல நடிப்பு. சத்தியம் செய்தால், போன தடவை பார்த்தாயிற்று. கோபப்பட்டால் தம்பிப் பாசம். உண்மையைச் சொல்ல ஒரு சொல்கூட அந்த நாற்காலியில் மிச்சமில்லை. எல்லாவற்றையும் ஏற்கெனவே விளையாடித் தீர்த்திருந்தார்கள், அவளும் சேர்ந்துதான்.

வீட்டுக்குப் போனபோது தம்பி மனைவி தொலைபேசியை நீட்டினாள். "அண்ணி, உங்க தம்பி. வாயெல்லாம் பல்லு."

"அக்கா, திறக்கப் போறாங்களாமே?" என்றான் தம்பி. பின்னால் இன்ஜின் இரைந்தது. "எங்க சீஃப் சொன்னாரு. புள்ள பொறக்கறதுக்குள்ள வந்துருவேன். மூஞ்சி யார் மாதிரின்னு நான் பாத்துச் சொல்ற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரிடா."

"என்ன ஒரு மாதிரி பேசுற? உனக்குத்தான் எல்லாம் முன்னாடியே தெரியுமே. திறந்துருவாங்கல்ல?"

"என் வேலையப் பத்திக் கேக்காதன்னு எத்தன தடவ சொல்றது."

"அப்ப திறந்துருவாங்க" என்றான் அவன் சந்தோஷமாக.

அவன் மனைவி தொட்டில் துணியைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்த துணிதான். காது அவளுக்கு எதிரே உட்கார்ந்து யோசித்தாள். தம்பிக்காகப் பேசுகிறாயா என்று தன்னையே கேட்டுப்பார்த்தாள். தம்பிக்காக என்றால் பேசாமலிருப்பதுதான் சுலபம். அவன் கேட்பது அதைத்தான். விசிறி விசிறிதான். அதற்கு அக்கா தம்பி கிடையாது.

மறுநாள் அறிக்கையில் கையெழுத்திடும் கூட்டம். ஐந்து கையெழுத்தும் விழுந்தால்தான் அறிக்கை வெளியே போகும்.

காது எல்லோருக்கும் முன்னால் வந்தாள். சாம்பல் நாற்காலியை இழுத்துப்போய்ப் படக்காரனின் இடத்தில் போட்டாள். அவனுடைய கறுப்பு நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள். ஒலிப்பதிவுக் கருவியை மேசை நடுவில் வைத்தாள். பிறகு தன் கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

படக்காரன் வந்து பார்த்து நின்றான். "என்னக்கா இது, என் முறை அடுத்த அறிக்கைக்குத்தானே?"

"முறை மாறிடுச்சு. உக்காரு."

இயக்குநர் வந்தார். நிலைமையைப் பார்த்தார். "என்னம்மா, விதி இருக்கே. இந்த அறிக்கைக்கு நாற்காலி உங்களது."

"விதிதான் சார் நானும் சொல்றேன். எல்லாரும் ஒத்துக்கிட்டதுக்கு எதிரா ஒருத்தர் பேசணும். நீங்க நாலு பேர் ஒத்துக்கிட்டீங்க. நான் ஒத்துக்கல. நேத்து நாற்காலில இருந்து சொன்னதால அது உங்க காதுல ஏறல. இன்னைக்கு என் இடத்துல இருந்து சொல்றேன்."

"ஒத்துக்கலைன்னா?"

"கையெழுத்துப் போடமாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் யாரும் அதைச் சொல்லி அதுவரை கேட்டதில்லை. மறுப்பதற்கென்று ஒரு நாற்காலி வந்த நாளிலிருந்து மற்ற ஐந்தும் மறுப்பதை மறந்துபோயிருந்தன.

கேப்டன் தொண்டையைச் செருமினார். "தம்பி விஷயம்..."

"முதல்ல அதையே சொல்லிடறேன்" என்றாள் காது. "என் தம்பி அந்த வழியா போகப்போற கப்பல்ல இருக்கான். எழுத்துல குடுத்தாச்சு, சார் மேசைல இருக்கு. நீரிணை திறக்கணும்னு எங்க வீட்டுல ஆசைப்படாத ஆள் இல்ல. திறக்கலைன்னா அவன் புள்ளைய அவன் பாக்கப்போறது போன்லதான். அதனால பாசத்துல பேசுறேன்னா, எந்தப் பக்கம் பாசம்னு நீங்களே சொல்லுங்க."

கேப்டன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அவள் பதிவை ஓடவிட்டாள். குரலைத் தணித்து, பின்னொலியை உயர்த்தியிருந்தாள். தலைவரின் தம்பி வானொலி: டக், டக், டக். மருமகன் வானொலி: டக், டக், டக். பிறகு சனிக்கிழமை. இரண்டிலும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை ஐந்து பேரும் உன்னிப்பாகக் கேட்டார்கள்.

"இப்ப நீ பேசு" என்றாள் படக்காரனிடம். "படை ஒழிஞ்சு போச்சுன்னு பேசு. கூத்தடிக்காத. நிஜமாவே என்னைத் தோக்கடி. நீ ஜெயிச்சா என் வீட்டுல மூணு பேருக்குச் சந்தோஷம்."

படக்காரன் சாம்பல் நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தான். கை வைக்கப் போய், கை இல்லாமல் சறுக்கினான். பிறகு நிமிர்ந்தான்.

"ஒரே மாதிரி விசிறி ரெண்டு இடத்துல இருக்கலாம்."

"இருக்கலாம். ரெண்டுக்கும் ஒரே நாள்ல ரிப்பேர் பாத்திருப்பாங்களா?"

"ஒலிபரப்புக் கோபுரம் ரெண்டு இருக்கு. ரெண்டு மலைல. நான் பாத்திருக்கேன்."

"கோபுரம் பத்து இருக்கட்டும். பேசுற ரூம் ஒண்ணு."

"சரி, விசிறிய விடு. படகு?" அவன் தன் படங்களைப் பரப்பினான். இப்போது வேகம் வந்திருந்தது. தோற்பது அவனுக்கும் பிடிக்காது. "இதப் பாரு. எல்லாம் கரைல கிடக்குது. சுத்தி இடுப்பளவு புல்லு. ஓட்டற ஆளு இருந்தா புல்லு முளைக்குமா? இந்த வரிசையே செத்துப்போன வரிசை. பின்பக்கம் பாரு, இன்ஜின்கூட இல்ல..."

நிறுத்தினான்.

"ம், சொல்லு" என்றாள் காது.

அவன் படத்தைக் கையிலெடுத்து முகத்தருகே கொண்டுபோனான். இன்னொன்றை எடுத்தான். "எல்லாத்துலயும் இல்ல" என்றான் மெதுவாக.

"துருப்பிடிச்சு விழுந்திருக்கும்" என்றார் இயக்குநர்.

"விழுந்தா பக்கத்துல கிடக்கணும் சார். இதெல்லாம் கழட்டியிருக்கு. போல்ட் போட்ட இடம் சுத்தமாத் தெரியுது." அவன் குரலில் நாற்காலி இல்லை. "ஒழிஞ்சு போனவன் படகைப் போட்டுட்டு இன்ஜினை மட்டும் ஏன் பத்திரமாக் கழட்டிட்டுப் போறான்?"

கேப்டன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். முப்பது வருடம் கடலில் கழித்த மனிதர். "புது உடம்புக்கு மாத்தத்தான்" என்றார். "படகு கட்டறது சுலபம். இன்ஜின்தான் கிடைக்காது."

"அவங்க மரமும் பிசினும் வாங்கினதுக்குக் கணக்கு இருக்கு" என்றாள் கஜானா, முதல்முறையாக வாயைத் திறந்து. "வீடு கட்டறாங்கன்னு எழுதினேன்."

"நேத்து ஏன் சொல்லல?" என்றார் இயக்குநர்.

"நேத்து பேசினது நாற்காலிதானே சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார், இந்த முறை துடைக்கவில்லை.

"துணைக் கப்பல் இருக்கட்டும்" என்றார் கடைசியில். "திறப்பைத் தள்ளிப்போடச் சொல்லி எழுதறேன். அச்சுறுத்தல் பகுதிய நீங்க எழுதுங்கம்மா. ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? காவல் இருந்தா அவங்க வெளிய வரமாட்டாங்க. ஒண்ணும் நடக்காது. ஒண்ணும் நடக்கலைன்னா, நீங்க சொன்னது சரிதானான்னு யாருக்கும் தெரியாமலே போயிடும். சுத்தி வர்ற ஒவ்வொரு கப்பல் கம்பெனியும் மாசாமாசம் வந்து சத்தம் போடும். நான் மாசாமாசம் உங்களத்தான் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க சார். வர்றேன்."

"நிரூபணம் கிடைக்கவே கிடைக்காதும்மா."

"கிடைக்காம இருக்கறதுக்குத்தானே சார் சம்பளம்."

இயக்குநர் பேனாவை மூடினார். படக்காரன் எழுந்து சாம்பல் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "காதக்கா, அடுத்த தடவையும் நானேதான் உக்காரணுமா?"

"இப்பத்தான் உனக்கு உக்காரவே வந்திருக்கு" என்றாள்.

தம்பியின் கப்பல் சுற்றுவழியில் திரும்பியது. அவன் நடுக்கடலில் இருக்கும்போது குழந்தை பிறந்தது. பெண். மருத்துவமனை அறையில் மதிய வெயில் திரைச்சீலை வழியாக வந்தது. தம்பி மனைவி குழந்தையைத் தொலைபேசிக்கு எதிரே தூக்கிக் காட்டினாள். அலையில் படம் ஆடியது, தம்பியின் முகம் பாதி வந்தது, பாதி வரவில்லை.

"மூக்கு என்னுது" என்றான். "கொஞ்சம் கிட்ட காட்டு. ஐயோ, நின்னு போச்சு. அக்கா, இருக்கியா? படம் நின்னு போச்சு."

"இருக்கேன்டா. மூக்கு உன்னுதுதான்."

இணைப்பு அறுந்தது. தம்பி மனைவி தொலைபேசியைக் கட்டிலில் எறிந்தாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"திறக்கறேன்னு சொல்லி எல்லாரையும் ஆசை காட்டிட்டு, கடைசி நேரத்துல எவனோ ஒருத்தன் கட்டையப் போட்டிருக்கான் அண்ணி. அங்க ஒரு ஈ காக்கா இல்லையாம். எல்லாம் சண்டை போட்டுச் செத்துட்டாங்களாம். அந்த ஆளு மட்டும் என் கையில கிடைச்சா..."

"திட்டு" என்றாள் காது. "நல்லாத் திட்டு. மனசு ஆறும்."

"நாசமாப் போறவன். புள்ளைக்குட்டி இல்லாதவனா இருப்பான்."

"இருக்கும்."

"அவனுக்கெல்லாம் ராத்திரி தூக்கம் வருமா அண்ணி?"

காது குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அது அவள் காதருகே மூச்சு விட்டது. சீராக, சின்னதாக. கொஞ்சநேரம் அதை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"வரும்" என்றாள். "நீ படு. நான் பாத்துக்கறேன்."

குழந்தை தூங்கியதும் மெல்லக் கட்டிலில் விட்டாள். கைப்பையை எடுத்தாள். அந்த மாதக் கூட்டம் மூன்று மணிக்கு. கப்பல் கம்பெனிக்காரர்கள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.